யார் கேட்டது, யார் எழுதியது: சூசன் ஹாம்லினும் இணைய வகுப்பறையும்

நியூ ஜெர்ஸியில் எட்டாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் ஒருநாள் வீடியோ அழைப்பில் வந்து, "சித்தி, ஹோம்வொர்க்குக்கு ஒரு ஹெல்ப்" என்றாள். திரையில் இரண்டு பத்திகள் பக்கம் பக்கமாக. இரண்டும் ஒரே கிழவியின் பேச்சு. கீழே ஒரு சிறு பெட்டி: இவற்றில் எது அதிகம் நம்பத்தக்கது, ஏன்? அவள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டிருந்தாள். "ரெண்டாவதுதான் உண்மை. முதல்ல சொன்னது பொய். அவ்ளோதான சித்தி?" அவ்வளவுதானா என்ற கேள்வி எனக்குப் பல நாள் ஓடிக்கொண்டிருந்தது. இக்கட்டுரை அதிலிருந்து எழுந்தது.

அந்தக் கிழவியின் கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். பெருமந்த காலத்தில் வேலையற்ற எழுத்தாளர்களுக்குச் சம்பளம் கொடுப்பதற்காக ரூஸ்வெல்ட் அரசு தொடங்கிய ஃபெடரல் ரைட்டர்ஸ் புராஜெக்ட், 1936 முதல் 1938 வரை, அடிமைகளாய்ப் பிறந்து அப்போதும் உயிரோடிருந்த முதியவர்களைத் தேடிப்போய்ப் பேசவைத்து எழுதியது. 17 மாநிலங்கள், 2,300க்கும் மேற்பட்ட நேர்காணல்கள், 500 புகைப்படங்கள். நூலக அலமாரியில் தட்டச்சுத் தாள்களாய்க் கிடந்த இவை இப்போது காங்கிரஸ் நூலகத்தின் இணையத்தளத்தில் எந்தப் பள்ளிப்பிள்ளைக்கும் இலவசம். 1937இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் நூறு வயது தாண்டிய ஒரு மூதாட்டியிடம் இரண்டு பேர் தனித்தனியே போனார்கள். ஜெஸ்ஸி பட்லர் வெள்ளைக்காரப் பெண். அகஸ்டஸ் லாட்ஸன் கறுப்பின ஆண். பட்லரிடம் கிழவி தன் எஜமானர் ஃபுல்லர் நல்ல மனிதர் என்கிறார். லாட்ஸனைப் பிள்ளைமுறை சொல்லி அழைத்து, சவுக்கடியையும் விற்கப்பட்ட குழந்தைகளுக்காகத் தாய்மார் கதறிய கதறலையும் சொல்கிறார். பட்லரின் குறிப்பில் ஒரு செய்தி இருக்கிறது: வந்திருப்பது நிவாரண அலுவலகத்து ஆள் என்று கிழவி நினைத்துக்கொண்டார், பட்லர் அதைத் திருத்தவில்லை.

டேவிட்ஸனும் லிட்டிலும் 1982இல் வெளியிட்ட வரலாற்று முறையியல் நூலில் இந்த இரண்டு பிரதிகளையும் ஒப்பிட்டு எழுதினார்கள். அதற்குப் பிறகு இந்த ஒப்பீடு அமெரிக்க வகுப்பறைகளில் பரவலானது. நல்ல பாடம், சந்தேகமில்லை. பாடப்புத்தகம் என்ற ஒற்றைக் குரலை மனப்பாடம் செய்வதற்குப் பதில், மூலச்சான்றை நேரில் எடுத்து, கேட்டவர் யார் என்று பதிமூன்று வயதுப் பிள்ளை யோசிப்பது சாதாரண விஷயமில்லை. ஆவணத்துக்குள் அதிகாரம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை ஃபூக்கோவின் பெயரை உச்சரிக்காமலே அவள் கண்டுகொள்கிறாள். நம்மில் சிலர் அந்தப் பெயரை மட்டும் உச்சரித்துக் கண்டுகொள்ளாமல் போனோம் என்பது வேறு கதை.

என் சிக்கல் அந்தப் பெட்டியோடுதான். 'எது நம்பத்தக்கது' என்ற கேள்வி பிள்ளையை நீதிபதி நாற்காலியில் உட்காரவைக்கிறது. கிழவி சாட்சிக்கூண்டில் நிற்கிறார், ஒரு வாக்குமூலம் ஏற்கப்படுகிறது, மற்றது தள்ளுபடி. ஆனால் பட்லரிடம் சொன்னதைப் பொய் என்று ஒதுக்கிவிட்டால், அடிமைமுறை பற்றிய மிக முக்கியமான ஒரு செய்தியை ஒதுக்கிவிடுகிறோம். சட்டப்படி அடிமைமுறை ஒழிந்து எழுபது வருஷத்துக்கும் மேலான பிறகும், வாசலில் நிற்கும் வெள்ளைமுகத்தைப் பார்த்ததும் எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக்கூடாது என்று அந்த நாக்குக்குத் தெரிந்திருக்கிறது. அதுவும் வரலாறுதான். ஒருவேளை சவுக்கடியைவிட நீண்ட வரலாறு.

இதை எனக்குச் சொல்லித்தந்தது வரலாற்றுப் புத்தகமல்ல. ஃபிரெடரிக் டக்ளஸ் 1845இல் எழுதிய தன்வரலாற்றில் மூன்றாவது அத்தியாயம். கர்னல் லாயிட் என்ற பெருநிலக்காரனுக்கு ஏகப்பட்ட அடிமைகள், பாதிப்பேருக்கு அவன் முகமே தெரியாது. வழியில் எதிர்ப்பட்ட ஒருவனை நிறுத்தி, நீ யாருடைய ஆள், எஜமான் உன்னை நன்றாக நடத்துகிறாரா என்று கேட்கிறான். இல்லை என்று அந்த மனிதன் உண்மையைச் சொல்லிவிட்டுப் போகிறான். இரண்டு மூன்று வாரங்களில் ஜார்ஜியா வியாபாரிக்கு விற்கப்படுகிறான், விலங்கு மாட்டி, பெண்டாட்டி பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளக்கூட இடமில்லாமல். அடிமைகளைக் கேட்டால் எஜமான் நல்லவர் என்றே எல்லோரும் சொல்வதற்குக் காரணம் இதுதான் என்று டக்ளஸ் விளக்குகிறார். தானும் கேட்டபோதெல்லாம் அப்படியே சொன்னதை ஒப்புக்கொள்கிறார். 1937இன் சார்ல்ஸ்டன் வாசலில் நடந்ததற்கான திறவுகோல் 92 ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

இந்த நூலும் இணையத்தில் முழுமையாகக் கிடைக்கிறது. வட கரோலினாப் பல்கலைக்கழகம் அடிமைத் தன்வரலாறுகளைத் தொகுத்து வைத்திருக்கும் தளத்தில் ஒரு சொடுக்கில் வரும். 2010இல் வந்த காமன் கோர் பாடத்தரம் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கான மாதிரி நூல்களில் டக்ளஸைச் சேர்த்தது. ஆனால் சேர்த்த இடம் மொழிப்பாடம். அங்கே டக்ளஸ் 'வாதத்திறன்', 'சொல்லாட்சி' ஆகிறார். சமூக அறிவியல் வகுப்பில் சூசன் ஹாம்லின் 'சான்று' ஆகிறார். இரண்டும் வெவ்வேறு மணி, வெவ்வேறு ஆசிரியர், வெவ்வேறு இணைப்புகள். ஒன்றுக்குள் மற்றது வரக்கூடாதென்று யாரும் தடைபோடவில்லை, வருவதற்கு வழி அமைக்கப்படவில்லை, அவ்வளவே. அக்கா மகளைக் கேட்டேன். டக்ளஸ் படித்திருக்கிறாள், போன வருஷம். "அது இங்கிலீஷ் கிளாஸ் சித்தி" என்றாள்.

இன்னொன்றும் இருக்கிறது. அவள் திரையில் காட்டிய பத்திகளில் சொற்களின் எழுத்துகள் உடைந்தும் திரிந்தும் கிடந்தன, கறுப்பினப் பேச்சு என்று காட்டுவதற்காக. 'அந்தக் காலத்துக் குரல்' என்று பிள்ளை நினைக்கிறாள். அந்த எழுத்துக்கூட்டு கிழவியுடையதல்ல, எழுதிக்கொண்டவருடையது. திட்டத்தில் கறுப்பர் விவகாரங்களுக்கான ஆசிரியராய் இருந்த கவிஞர் ஸ்டெர்லிங் பிரவுன் இந்த ஆபத்தை அப்போதே உணர்ந்து, உச்சரிப்பை அச்சடிப்பதில் மிகை வேண்டாம், பேச்சின் மரபுத்தொடரைக் காப்பாற்றுங்கள் என்று நேர்காண்பவர்களுக்கு வழிகாட்டினார். பலர் கேட்கவில்லை. அதே 1937இல்தான் ஸோரா நீல் ஹர்ஸ்டன், நூல் முழுக்கக் கறுப்பினப் பேச்சு ஓடும் தன் புகழ்பெற்ற நாவலை வெளியிட்டார். ரிச்சர்ட் ரைட் அதை வெள்ளையரைச் சிரிக்கவைக்கும் கூத்து மரபின் தொடர்ச்சி என்று சாடினார். அதற்கும் முன்பு, 1860இல் அடிமைக் கப்பலில் கொண்டுவரப்பட்ட கோஸோலாவின் வாழ்க்கையை அவர் வாய்ப்பேச்சிலேயே ஹர்ஸ்டன் எழுதியபோது பதிப்பகம் பேச்சுமொழியை மாற்றச் சொன்னது. மறுத்தார். நூல் வெளிவந்தது 2018இல். ஒரே வகை எழுத்துக்கூட்டு ஒரு கையில் கேலியாகிறது, இன்னொரு கையில் விட்டுக்கொடுக்காத உரிமையாகிறது. இலக்கிய வகுப்பில் பேச வேண்டிய இந்தப் பெரிய விஷயம், எந்தப் பயிற்சித்தாளின் பெட்டிக்குள்ளும் அடங்காது.

இதைச் சொல்லும் தகுதி எனக்குச் சுத்தமாய் உண்டென்று சொல்லமாட்டேன். எம்.ஏ. படித்தபோது நாட்டார் வழக்காற்றியல் தாளுக்காகச் செல்போன் ரெக்கார்டரோடு ஒரு கிராமத்துக்குப் போனேன். பாட்டி முதலில் கேட்டது, "பென்சன் ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கியா தாயி?" இல்லை என்றுதான் சொன்னேன். அவர் நம்பவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை. சாமி பாட்டாய்ப் பாடினார், ஒன்றிலும் வசவில்லை, அழுகையில்லை. 'இப்பகுதிப் பெண்களின் பாடல்களில் பக்தியே மேலோங்கி நிற்கிறது' என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன்.

இப்போது அந்தப் பெட்டியின் இன்னொரு பக்கத்துக்கு வருகிறேன். இணையச் சான்று பாடப்புத்தகத்தின் பொய்க்கு மாற்று என்கிறார்கள். 2015இல் மெக்ரா-ஹில் புவியியல் நூலொன்றில் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்டவர்களைத் 'தொழிலாளர்கள்' என்று படக்குறிப்பு சொன்னது. டெக்சாஸ் மாணவன் ஒருவனின் தாய் அதை அம்பலப்படுத்தினார். பதிப்பகம் மின்பதிப்பை உடனே திருத்துவதாகச் சொன்னது. நல்லதுதான். ஆனால் நொடியில் திருத்த முடிந்தது நொடியில் கெடுக்கவும் முடியும். 2025 தொடக்கத்தில் அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவையின் தளத்தில், தப்பியோடிய அடிமைகளின் இரகசியப் பாதையைப் பற்றிய பக்கத்திலிருந்து ஹேரியட் டப்மனின் படமும் கூற்றும் நீக்கப்பட்டன. அடிமைத்தனத்தை எதிர்த்தவர்களின் கதை கறுப்பு வெள்ளை ஒத்துழைப்பின் கதையாய்ச் சொல்லப்பட்டது. ஏப்ரலில் வாஷிங்டன் போஸ்ட் எழுதிய பிறகு பழைய பக்கம் திரும்பி வந்தது. மார்ச்சில் வீட்டுப்பாடம் செய்த பிள்ளைக்கு ஒரு அமெரிக்கா, மே மாதம் செய்த பிள்ளைக்கு இன்னொன்று. அச்சிட்ட புத்தகமென்றால் பழைய பிரதி எங்காவது பரணில் கிடக்கும்.

ஆகவே கேட்டவர் யார், எழுதியவர் யார் என்ற கேள்வியை 1937இன் தாளோடு நிறுத்தாமல், அந்தத் தாளைத் தாங்கி நிற்கும் பக்கத்தின் மீதும் பிள்ளைகள் வைக்க வேண்டும். யாருடைய தளம், யார் காசு, கடைசியாக எப்போது மாற்றினார்கள்?

கேட்கச் சொல்வது எளிது. யார் சொல்லித்தருவது? 2021 தொடங்கி டெக்சாஸிலும் பிறகு ஃப்ளோரிடாவிலும் இன்னும் பல மாநிலங்களிலும் இனவெறி பற்றி வகுப்பில் எப்படிப் பேசலாம் என்பதைச் சட்டம் வரையறுக்கிறது. 2023இல் ஃப்ளோரிடாவின் பாடத்தரம், அடிமைகள் சில வேளைகளில் தங்களுக்குப் பயன்படும் திறன்களைக் கற்றுக்கொண்டதையும் சொல்லித்தரச் சொன்னது. அங்குள்ள ஆசிரியர், 'நான் என் கருத்தைச் சொல்லவில்லை, சான்றுகளை முன்வைக்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்' என்று சொல்லும்போது அதை வெறும் நடுநிலை என்று நான் வாசிக்கமாட்டேன். வாசலில் யார் நிற்கிறார்கள் என்று தெரிந்து பேசுகிற பேச்சு அது. சூசன் ஹாம்லின் பட்லரிடம் பேசியதும் அதுவே. அந்த ஆசிரியரைக் கோழை என்று எழுதிவிட்டுப் போவது இங்கே உட்கார்ந்திருக்கும் எனக்குச் சுலபம். அவர் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துக் கேட்கப் பிள்ளைகளுக்குக் காது வேண்டும். டக்ளஸின் மூன்றாம் அத்தியாயத்தை அந்த இரண்டு பத்திகளுக்கு நடுவில் வைத்தால் அந்தக் காது கொஞ்சம் திறக்கும் என்று நம்புகிறேன்.

அக்கா மகளுக்கு அந்த அத்தியாயத்தை அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அழைத்தாள். பெட்டியில் 'இரண்டும்' என்று எழுதி அனுப்பிவிட்டாளாம், மார்க் குறையுமா என்று பயம். அப்புறம் ஒன்று கேட்டாள். பட்லர் எழுதியதில் பெயர் சூசன் ஹாம்லின், லாட்ஸன் எழுதியதில் சூசன் ஹாமில்டன்.

"அந்தப் பாட்டிக்கு நிஜமான பேர் எது சித்தி? யாருமே கேக்கலியா?"