தூக்குவதா, நிரப்புவதா?

பெங்களூரில் இந்திராநகர், கோரமங்களா, ஜெயநகர் என்று எந்தப் பக்கம் போனாலும் அழகியல் அறுவை சிகிச்சைக் கிளினிக்குகள் கண்ணில் படும். மார்பகத் தொய்வுக்காக அங்கே போகும் பெண்ணின் முன் பெரும்பாலும் இரண்டு வழிகளை வைக்கிறார்கள். சிலிக்கான் பையை உள்ளே வைத்து மார்பை நிரப்புவது ஒன்று, அது இம்பிளான்ட். உபரித் தோலை வெட்டி எடுத்து, உள்ளே இருக்கும் திசுவை மேலே ஏற்றித் தைப்பது மற்றொன்று; அது லிஃப்ட். இரண்டுக்கும் விலை சொல்வார்கள், இரண்டுக்கும் முன்-பின் படங்கள் காட்டுவார்கள், மாதத் தவணையும் உண்டு என்பார்கள். ஒரே குறைக்கு இரண்டு மருந்து இருப்பதுபோலவும் விருப்பப்பட்டதை எடுத்துக்கொள்ளலாம் என்பதுபோலவும் பேச்சு போகும். கோளாறு இங்கேயே தொடங்கிவிடுகிறது. தொய்வுக்கு மருந்து லிஃப்ட்தான். இம்பிளான்ட் வேறொரு குறைக்கான மருந்து.

மார்பகத்துக்குள் தசை கிடையாது. சுரப்பியும் கொழுப்பும் இருக்கின்றன. அவற்றைத் தோலோடும் நெஞ்சுச் சுவரோடும் பிணைக்கும் மெல்லிய இழைகள் இருக்கின்றன. கர்ப்பத்தில் மார்பு பெருத்துப் பிறகு சுருங்கும்போது தோல் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. எடை ஏறி இறங்கினாலும் அப்படித்தான். வயது ஆக ஆக இழைகளும் தளர்கின்றன. மார்புத் தசைக்கு என்னதான் உடற்பயிற்சி செய்தாலும், தளர்ந்த தோல் அதனால் சுருங்காது. எண்ணெயும் கிரீமும் அந்த வேலையைச் செய்யப்போவதில்லை.

நம் வீடுகளில் பரவலாகச் சொல்லப்படும் ஒன்றை இங்கே மறுத்தாக வேண்டும். “பால் கொடுத்தா தொங்கிடும்” என்று பிள்ளை பெற்ற பெண்ணிடம் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழக மருத்துவர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. வயது, கர்ப்பங்களின் எண்ணிக்கை, உடல் எடை, புகைப்பழக்கம், முதலிலேயே மார்பு பெரிதாக இருந்தது ஆகியவை தொய்வோடு தொடர்புடையவை என்று தெரிந்தது. பால் கொடுத்ததற்கும் தொய்வுக்கும் தொடர்பு தெரியவில்லை. தாய்ப்பாலைக் குற்றவாளியாக்கிப் பச்சைப் பிள்ளையின் பசியில் கைவைக்கும் பேச்சு இது. இனியாவது அதை விட வேண்டும்.

எது தொய்வு, எது வெறுமை என்று பிரித்தறிவது பெரிய வித்தையல்ல. வீட்டில் கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று, மார்பின் அடிமடிப்பில் ஒரு ஸ்கேலைக் கிடையாக வைத்துப் பாருங்கள். காம்பு ஸ்கேலின் மட்டத்தில் இருந்தால் லேசான தொய்வு. அதற்குக் கீழே இறங்கி, ஆனால் மார்பின் அடி விளிம்புக்கு மேலே இருந்தால் நடுத்தரம். அடி விளிம்புக்கே வந்து தரையைப் பார்த்தால் முற்றிய தொய்வு. ரெக்னோ என்ற மருத்துவர் 1976-இல் வகுத்த இந்தப் பிரிவைத்தான் உலகெங்கும் பிளாஸ்டிக் சர்ஜன்கள் பயன்படுத்துகிறார்கள். காம்பு ஸ்கேலுக்கு மேலேயே இருந்து, மார்பின் மேற்பாதி மட்டும் காற்று இறங்கிய பலூனாகத் தளர்ந்திருக்கிறது என்றால், அங்கே குறை அளவில்தான். இம்பிளான்ட் பொருந்தும் இடம் அது.

அந்த இடத்தில் அதன் பலனைக் குறைத்துச் சொல்வது நியாயமில்லை. இரண்டு பிரசவத்துக்குப் பிறகு மேற்பாதி வற்றிப்போன ஒரு பெண்ணுக்கு, இழந்த நிறைவை இம்பிளான்ட் போலத் தருவது வேறில்லை. அடிமடிப்பில் சில சென்டிமீட்டர் வெட்டு, அங்கேயே ஒளிந்துவிடும் தழும்பு, ஓரிரு வாரத்தில் அலுவலகம். லேசான தொய்வு இருந்தால், உள்ளே கூடும் கனம் தோலைச் சற்றே நிரப்பிக் காம்பை உயர்ந்ததுபோலக் காட்டுவதும் உண்மை. கிளினிக்குகள் எல்லா அளவுத் தொய்வுக்கும் நீட்டிக்கொள்வது இந்த ‘சற்றே’யைத்தான்.

நடுத்தரத் தொய்வில் பையை வைத்தால் என்ன ஆகும்? பை நெஞ்சில் மேலே நிற்கும். தளர்ந்த மார்பு அதன் மேலிருந்து வழிந்து கீழே தொங்கும். பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு மேடுகள். பை பெரிதாக இருந்தால் தொய்வு மறையும் என்று முந்நூறு சிசி வேண்டிய இடத்தில் நானூறு வைத்தால், அந்தக் கனமே சில வருடங்களில் தோலை மேலும் இழுத்துவிடும். கீழே விழுவதைத் தடுக்கப் போனவர் அதன்மேல் கூடுதல் பாரத்தை ஏற்றிக்கொண்டு திரும்புகிறார்.

பெரும்பாலும் விலைப்பட்டியலில் இல்லாத இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் தாமஸ் க்ரோனின், ஃபிராங்க் ஜெரோ என்ற இரு மருத்துவர்கள் முதல் சிலிக்கான் பையை ஒரு பெண்ணுக்கு வைத்ததிலிருந்து இந்தப் பொருளின் வரலாறு நிம்மதியாக இருந்ததில்லை. 1992-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, அழகுக்காகச் சிலிக்கான் ஜெல் பை வைப்பதை நிறுத்தியது. 2006-இல்தான் மீண்டும் அனுமதித்தது. மருத்துவத் தரமில்லாத சிலிக்கானை அடைத்து விற்ற பிரான்சின் பிஐபி நிறுவனத்தின் மோசடி 2010-இல் வெளிவந்தது. சொரசொரப்பான மேற்பரப்புள்ள சில பைகளைச் சுற்றி அரிதாக ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் உருவாவது உறுதியானதால், 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகைப் பைகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. 2021 அக்டோபரில் எஃப்டிஏ, எல்லா மார்பக இம்பிளான்ட்டுகளின் மேலும் கட்டம் போட்ட எச்சரிக்கை அச்சிட வேண்டும், அறுவைக்கு முன் நோயாளியிடம் ஒரு சரிபார்ப்புப் பட்டியலை நிரப்பிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று ஆணையிட்டது. இம்பிளான்ட் ஆயுள் முழுக்க நிற்கும் பொருள் என்று நினைக்க வேண்டாம் என்பது அந்த எச்சரிக்கையின் முதல் வரிகளில் ஒன்று.

இதன் பொருள் எளிது. முப்பத்தைந்து வயதில் பை வைப்பவர் வாழ்நாளில் குறைந்தது இன்னொரு அறுவைக்காவது மனதளவிலும் பணத்தளவிலும் தயாராக இருக்க வேண்டும். பையைச் சுற்றி உடல் கட்டும் உறை சிலருக்கு இறுகிக் கல்லாகி வலிக்கும். பை கிழிந்தாலும் வெளியே தெரியாமல் இருக்கலாம். அதனால்தான் ஐந்தாறு வருடத்தில் ஒருமுறையும், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறையும் எம்ஆர்ஐ அல்லது அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்கிறார்கள். மேமோகிராமில் பை திசுவை மறைக்கும். கூடுதல் கோணங்களில் படம் எடுக்க வேண்டிவரும். பெங்களூரின் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். பை வைப்பவர் தனக்குப் பை இருப்பதை ஒவ்வொரு பரிசோதனைக் கூடத்திலும் சொல்ல வேண்டும்.

சரி, லிஃப்ட் குறையில்லாததா? இல்லை. அதன் குறை கண்ணுக்கு நேராகத் தெரிவது: தழும்பு. லேசான தொய்வுக்குக் காம்பின் கருவட்டத்தைச் சுற்றி மட்டும் வெட்டு. நடுத்தரத்துக்கு அந்த வட்டத்திலிருந்து அடிமடிப்புவரை ஒரு நேர்கோடு. முற்றிய தொய்வுக்கு அடிமடிப்பு நெடுக ஒரு படுக்கைக்கோடும் சேர்ந்து, நங்கூர வடிவம். அறுவைக்கு முன் மருத்துவர் பெண்ணை நிற்கவைத்துப் பேனாவால் இந்தக் கோடுகளைப் போடுவார்; படுத்தால் மார்பு சரிந்து அளவு மாறிவிடும். கழுத்தெலும்புக் குழியிலிருந்து காம்பு எத்தனை சென்டிமீட்டர், இரண்டு பக்கமும் சமமா என்று டேப்பால் அளப்பார். அந்தக் கோடு போடுவதில்தான் பாதி அறுவை இருக்கிறது. அவசரமாகக் கோடு போடுகிறவரிடம் உடலைக் கொடுக்கக் கூடாது.

தழும்பு முதல் சில மாதங்கள் சிவந்து தடித்திருக்கும். மங்க ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல். நம்மைப்போன்ற கருந்தோலில், அதுவும் நெஞ்சுப் பகுதியில், தழும்பு கெலாய்டாகப் பொங்கும் வாய்ப்பு அதிகம். காதுகுத்தின இடமோ தடுப்பூசி போட்ட இடமோ ஏற்கெனவே பொங்கியிருந்தால் அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். காம்பில் உணர்ச்சி குறையலாம், பால் சுரப்பும் குறையலாம். ஆகவே இன்னும் பிள்ளை பெறும் எண்ணம் இருப்பவர்கள் காத்திருப்பது நல்லது. புகைப்பவருக்குக் காம்புக்குப் போகும் இரத்த ஓட்டம் கெட்டு, திசு செத்துப்போகும் ஆபத்து கூடும். லிஃப்ட் அளவைக் கூட்டாது. பிராவோடு பழகிய மேற்பாதி நிறைவை எதிர்பார்த்தவர் ஏமாறுவார். எடையும் வயதும் தம் வேலையைத் தொடர்வதால், ஏற்றித் தைத்தது சில வருடங்களில் ஓரளவு இறங்கவும் செய்யும்.

இத்தனை இருந்தும் என் தீர்ப்பு லிஃப்ட் பக்கமே சாய்கிறது. அதன் சேதம் பெரும்பாலும் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது, பிறகு பெரும்பாலானவர்களுக்கு ஆறவே செய்கிறது. உள்ளே அந்நியப் பொருள் எதுவும் இல்லை. இம்பிளான்ட்டின் செலவு பின்னால் வருகிறது, எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் விற்பனை மேசையில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. தழும்பை இன்றே காட்டியாக வேண்டும். பத்து வருடம் கழித்து வரும் அறுவையைக் காட்டத் தேவையில்லை. அதனால் இம்பிளான்ட் சுலபமாக விற்கிறது.

நிரப்பவும் தூக்கவும் இரண்டுமே தேவைப்படும் பெண்கள் உண்டு. அவர்களுக்கு ஒரே மேசையில் இரண்டையும் முடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள்; ஒரே மயக்க மருந்து, ஒரே விடுப்பு, செலவும் மிச்சம். தேர்ந்த கைகளில் இது நன்றாகவே நடக்கிறது. ஆனாலும் ஒன்று தோலைச் சுருக்குகிறது, மற்றொன்று அதே தோலை விரிக்கிறது. இழுவை தாங்காத தையல், காம்பின் இரத்த ஓட்டம் என்று சிக்கல்கள் கூடுகின்றன. தொய்வு முற்றியிருந்தால் முதலில் லிஃப்ட், சில மாதம் ஆறிய பிறகு பை வேண்டுமா என்று யோசிப்பது பாதுகாப்பான பாதை. லிஃப்ட் ஆறிய பின் கண்ணாடியைப் பார்க்கும் பலருக்குப் பை வேண்டாம் என்றே தோன்றிவிடக்கூடும். அந்த வாய்ப்பைப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும்.

பிள்ளைப்பேற்றுக்குப் பிந்தைய வயிறு, கொழுப்பு, மார்பு மூன்றையும் சேர்த்து ஒரே நாளில் முடிக்கும் ‘மம்மி மேக்ஓவர்’ தொகுப்புகள் இன்னும் கவனிக்க வேண்டியவை. அறுவை நேரம் நீள நீள ஆபத்தும் நீள்கிறது. 2022 மே மாதம் இதே பெங்களூரில் கொழுப்பு நீக்கும் அறுவைக்குப் போன கன்னடத் தொலைக்காட்சி நடிகை சேதனா ராஜ் உயிரிழந்தார், வயது 21. அது மார்பக அறுவை இல்லைதான். ஆனால் ‘சின்ன புரொசீஜர்’ என்று நினைத்துப் போகும் மனநிலை இரண்டுக்கும் ஒன்றே. கர்நாடகத்தில் தனியார் மருத்துவ நிலையம் ஒவ்வொன்றும் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எந்த வகைச் சேவைக்கு, மயக்க மருத்துவர் யார், நிலைமை மோசமானால் தீவிர சிகிச்சைப் பிரிவு எங்கே என்று கேட்பதை யாரும் அவமதிப்பாக நினைக்கக் கூடாது. மருத்துவரின் பெயருக்குப் பின்னால் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்சிஎச் அல்லது டிஆர்என்பி இருக்கிறதா என்பதும் அப்படியே. ‘காஸ்மெடிக் சர்ஜன்’ என்ற பலகை அந்தப் படிப்புக்கு ஈடாகாது.

பணத்தையும் பேசியாக வேண்டும். பிறவிக் குறை, வளர்ச்சிக் கோளாறு, விபத்துக் காயம் இவற்றைச் சீராக்கும் பிளாஸ்டிக் அறுவைக்கு ஜிஎஸ்டி இல்லை. அழகுக்கென்றால் உண்டு. மருத்துவக் காப்பீடும் அழகியல் அறுவையை விலக்கி வைக்கிறது. பின்னால் பையை எடுக்க வேண்டி வந்தால் அந்தச் செலவும் பெரும்பாலும் கைப்பணம்தான். தவணையில் பை வைத்த பெண் தவணை முடிவதற்குள் அடுத்த அறுவைக்கு நிற்கும் நிலையை நினைத்துப் பாருங்கள். இந்த வகையில் தமிழ்நாடு செய்த ஒன்று எனக்கு மதிப்புக்குரியது. 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அறுவைகளை அழகுக்காகக் கேட்பவர்களுக்கும் இலவசமாகச் செய்யத் தொடங்கினார்கள். ஏழைக்கு இது எதற்கு என்று பலர் கேலி செய்தார்கள். தன் உடலைப் பற்றிய மனக்குறை பணக்காரிக்கு மட்டும் உரியதா என்ன? அதோடு, விற்பனை இலக்கு இல்லாத ஒரு மருத்துவர் ‘உனக்கு இது வேண்டாம்மா’ என்று சொல்லும் வாய்ப்பு அரசு மருத்துவமனையில் அதிகம். பெங்களூரின் அரசு மருத்துவமனைகளிலும் இப்படி ஒரு ஆலோசனைப் பிரிவாவது வர வேண்டும்.

கடைசியாக, இந்த முடிவை எடுக்கப் போகும் பெண்களிடம் சில வேண்டுகோள்கள். தொய்வு நோயில்லை, ஒன்றும் செய்யாமல் இருப்பதும் முழுமையான ஒரு முடிவு. பால் நிறுத்திக் குறைந்தது ஆறு மாதம், எடை நிலைத்து சில மாதம் ஆகும்வரை கத்தியை யோசிக்காதீர்கள். நாற்பதைத் தாண்டியிருந்தால் முதலில் மேமோகிராம். முன்-பின் படங்களைக் காட்டினால், ஒரு வருடம் கழித்து எடுத்த படத்தையும், உங்கள் நிறத் தோலில் ஆறிய தழும்பையும் கேளுங்கள். கணவரோ தோழியோ சொன்னதற்காகப் போகாதீர்கள். முதல் சந்திப்பில் முன்பணம் கட்டாதீர்கள். இன்னொரு பிளாஸ்டிக் சர்ஜனிடமும் காட்டுங்கள். கடைசியில் இம்பிளான்ட்தான் என்று முடிவானால், பையின் நிறுவனம், வகை, அளவு, வரிசை எண் அச்சிட்ட அட்டையை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நாளை ஏதாவது ஒரு வகையைத் திரும்பப் பெற்றால், உங்கள் உடம்பில் இருப்பது எது என்று சொல்ல அந்த அட்டைதான் இருக்கும்.