தலைப்பாகைக்குள் ஒரு கம்பளைக்காரர்

நகைச்சுவை நடிகனைப் பற்றி விமர்சனம் எழுதுவது நம்மிடையே இன்னமும் மதிப்பான காரியமாகக் கருதப்படுவதில்லை. கண்ணீர் சிந்த வைத்தவனுக்குக் கட்டுரை உண்டு, விழா உண்டு, மலர் உண்டு. சிரிக்க வைத்தவனையோ சிரித்து முடிந்த கணமே மறந்துவிடுகிறோம். ஆயினும் ஒரு சமுதாயம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது, அச்சிரிப்புக்கு யார் கூலி கொடுக்கிறார்கள், சிரிக்கப்பட்டவன் எங்கே நிற்கிறான் என்னும் கேள்விகள் கலை பற்றிய கேள்விகள் மட்டுமல்ல. அவை வாழ்வுரிமை பற்றிய கேள்விகளுமாகும்.

இக்கேள்விகளை என்னுள் எழுப்பியவர் ஒரு பேராசிரியரல்லர், என் தாய்மாமன். திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் பண்டகசாலையில் வேலை செய்தவர். வெள்ளைக்கார மாலுமிகளிடமும் மேலாளர்களிடமும் காதால் கேட்டுக் கற்ற ஆங்கிலம் அவருடையது. இலக்கணம் இராது, ஆனால் எந்தப் பொருள் எந்த இறாக்கையில் எத்தனை இருக்கிறது என்பதை அந்த ஆங்கிலத்தில் அவர் பிழையின்றிச் சொல்வார். 1957 ஒக்ரோபரில் பிரித்தானியர் தளத்தை இலங்கை அரசிடம் கையளித்துச் சென்றபோது வேலையிழந்தவர்களுள் அவரும் ஒருவர். வேறொரு காரியாலயத்தில் வேலை கேட்டுப் போனபோது அங்கிருந்த அதிகாரி அவருடைய உச்சரிப்பைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தாராம். அதன்பின் மாமா அந்நியர் முன் ஆங்கிலம் பேசியதை நான் கண்டதில்லை.

எண்பதுகளில், டைக் வீதியில் ஓர் அயல்வீட்டு முற்றத்தில், பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்து தொலைக்காட்சி பார்த்த காலம் அது. ‘மைன்ட் யுவர் லாங்குவேஜ்’ என்ற ஆங்கில நகைச்சுவைத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. தலைப்பாகை கட்டிய சீக்கியர் ஒருவர் இரு கைகளையும் கூப்பி, தாம் செய்த பிழைக்கு ஆயிரம் முறை மன்னிப்புக் கோரினார். முற்றம் அதிர்ந்தது. எல்லாரிலும் உரத்துச் சிரித்தவர் மாமா. நடுவிலே திடீரென நிறுத்தி, “மருமகன், இவன் என்னைப் போலவெல்லோ கதைக்கிறான்” என்றார். பிறகு அவர் சிரிக்கவில்லை.

அந்தச் சீக்கியர் சீக்கியரே அல்லர் என்பது பல ஆண்டுகளுக்குப் பின்னரே எனக்குத் தெரிந்தது. அவர் பெயர் அல்பேர்ட் மோசஸ். பிறந்தது 1937 இல், நம் மலைநாட்டுக் கம்பளையில். அறுபதுகளில் இந்தியாவுக்குச் சென்று திரைப்படத் தொழிலில் நுழைந்தவர். ஆபிரிக்காவில் சிலகாலம் இருந்து, எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்தை அடைந்தவர். 2017 செப்ரெம்பரில் மறைந்தார். உலகின் கோடிக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்த இலங்கையர் மிகச் சிலர். அவர்களுள் ஒருவர் பஞ்சாபியாக வேடமிட்டே நுழைய வேண்டியிருந்தது என்பதை வாசகர் மனத்திற் கொள்ள வேண்டும்.

அவர் ஏற்ற வேடங்களின் பட்டியலைப் படிப்பது ஒரு தொழிற் கணக்கெடுப்பைப் படிப்பது போன்றது. ‘த ஸ்பை ஹூ லவ்ட் மீ’ (1977) படத்தில் மதுச்சாலைப் பணியாள். ‘அன் அமெரிக்கன் வேர்வூல்ஃப் இன் லண்டன்’ (1981) படத்தில் மருத்துவமனைச் சிற்றூழியர். பிங்க் ஃபுளொய்ட் குழுவினரின் ‘த வோல்’ (1982) படத்தில் கூட்டித் துடைப்பவர். ‘ஒக்ரோபுஸி’ (1983) படத்தில் மாத்திரம் பிரித்தானிய உளவாளிக்கு இந்தியாவில் துணை நிற்கும் சதுருதீன் என்ற சற்றே கண்ணியமான வேடம். அதே படத்தில் நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜும் நடித்தார். திறமையின் குறைவினாலா இவ்வளவு சிறிய வேடங்கள்? இல்லை. பழுப்பு நிற மனிதன் லண்டன் நகரில் எந்த எந்தக் கதவருகில் நிற்கலாம் என்று அங்குள்ள சமுதாயம் முன்கூட்டியே வகுத்து வைத்திருந்தது. திரை அதைப் படியெடுத்தது.

இனி அத்தொடருக்கு வருவோம். வின்ஸ் பவல் என்பவரின் ஆக்கம். லண்டன் வீக்கென்ட் தொலைக்காட்சி நிறுவனத்தின் தயாரிப்பு. 1977 டிசெம்பரில் தொடங்கி 1979 இல் நின்றது. 1986 இல் மீண்டும் சிறிது காலம் வந்தது. மாலை நேர வகுப்பொன்றில் அந்நிய நாட்டுத் தொழிலாளர் ஆங்கிலம் கற்கிறார்கள். ஆசிரியர் பிரவுன், ஒக்ஸ்ஃபோர்டில் கற்ற இளைஞர். நடித்தவர் பரி எவன்ஸ். மோசஸின் ரஞ்சித் சிங் அருகே பாகிஸ்தானியராகிய அலி நதீம் இருப்பார். நடித்த டினோ ஷஃபீக் டாக்காவில் பிறந்தவர். சீன மாணவியாக வந்த பிக்‑சென் லிம் மலேசியர். பிரெஞ்சுப் பெண்ணாக வந்த ஃபிரான்ஸுவாஸ் பஸ்கால் மொரீஷியஸ் தீவினர். ஸ்பானியராக வந்த ரிக்கார்டோ மொன்ரெஸ் ஜிப்ரால்டர்க்காரர். கம்பளை, டாக்கா, மலாயா, மொரீஷியஸ், ஜிப்ரால்டர்! ஏகாதிபத்தியத்தின் துறைமுகங்களும் தோட்டங்களும் அந்தச் சிறு வகுப்பறையில் வந்து அமர்ந்திருந்தன. ஆனால் எவரும் தாம் பிறந்த மண்ணின் பெயரைச் சொல்லி அமரவில்லை.

இந்தத் தொடரை இனவெறி நகைச்சுவை என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுவோர் உண்டு. குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. ரஞ்சித்தும் அலியும் ஓயாமல் ஒருவரையொருவர் பழிப்பது பார்வையாளருக்கு வேடிக்கை. 1947 இல் பஞ்சாப் நதிகளில் ஓடிய இரத்தம் அந்த வேடிக்கையின் அடியில் இருக்கிறது என்பதை எழுதியவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பிரித்தவன் கரும்பலகையருகே நின்று புன்னகைக்கிறான். பிரிக்கப்பட்டவர்கள் பின்வாங்கில் சண்டையிடுகிறார்கள். இதனினும் கொடிய கேலிச்சித்திரத்தை ஓர் எதிரி வரைந்திருக்க முடியாது.

அதே ஆண்டுகளில் அதே லண்டனில் என்ன நடந்தது? 1976 முதல் 1978 வரை கிரன்விக் புகைப்படத் தொழிற்சாலையில் ஜயாபென் தேசாய் என்ற குஜராத்திப் பெண்மணியின் தலைமையில் ஆசியத் தொழிலாளப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1979 ஏப்ரலில் இனவெறிக் கட்சிக்கெதிராக சவுத்ஹோலில் மக்கள் திரண்டபோது பிளேர் பீச் என்ற ஆசிரியர் தாக்குண்டு மாண்டார். அந்த ஆசியத் தொழிலாளி முழக்கமிட ஆங்கிலம் போதியதாகவே இருந்தது. தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருந்த ஆசியத் தொழிலாளியோ எழுவாய் பயனிலை தெரியாது தவித்துக்கொண்டிருந்தான்.

ஆனால் விமர்சகன் இத்துடன் எழுந்து போய்விடலாகாது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிரித்தானியர் வாரந்தோறும் பார்த்த நிகழ்ச்சியொன்றில், நிலக்கீழ் இரயில் ஊழியன் முதலான குடிபெயர்ந்தோர் முதன்மைப் பாத்திரங்களாக அமர்ந்தது அதற்கு முன் அடிக்கடி நிகழ்ந்ததன்று. மோசஸின் நடிப்பைக் கூர்ந்து பாருங்கள். பிழையான சொல்லைச் சொல்லும்போது அவர் முகத்தில் அசட்டுத்தனம் இராது. முழு நம்பிக்கை இருக்கும். ரஞ்சித் சிங் தன்னை முட்டாளென ஒருபோதும் கருதுவதில்லை. மன்னிப்புக் கேட்கும் கைகூப்பலிலும் ஒரு பெருமிதம் ஒட்டிக்கொண்டிருக்கும். எழுத்தாளன் தந்த தாழ்வை நடிகன் தன் முதுகெலும்பால் சற்று நிமிர்த்துகிறான். இது பெரிய புரட்சியன்று. கூலிக்கு வந்த கலைஞன் தன் கூலிக்குள் மறைத்து வைத்த சிறு தன்மானம்.

தொடரை நிறுத்தியவர் நிறுவன அதிகாரியாகிய மைக்கல் கிரேட். இனங்களைக் கேலி செய்வது தகாது என்பது அவர் கருத்தாக இருந்ததென்பர். நல்லது. ஆனால் நிறுத்தியபின் அந்தப் பதின்மருக்கும் நல்ல வேடங்களை எழுதுவித்தார்களா? மோசஸின் பட்டியலில் மருத்துவமனைச் சிற்றூழியரும் துடைப்பக்காரரும் வருவது இதற்குப் பின்னர்தான். மேலிடத்து நாகரிகம் அவமதிப்பை நீக்கிற்று. அவமதிப்போடு சேர்த்து வேலையையும் நீக்கிற்று.

இங்கே திருகோணமலை முற்றத்தில் இருந்த எங்களுக்கு வயதுவந்தோர் மொழி வகுப்பு என்பது சிரிப்புக்குரிய செய்தியாக இருந்ததில்லை. 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் மொழிச் சமத்துவம் கோரித் தமிழரசுக் கட்சி மாநாடு கூடியது இந்நகரிலேதான். பின்னர், நரைத்த தலையுடைய தமிழ் எழுதுவினைஞர்கள் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்காகப் பாலபாடம் படித்தார்கள். தேறாவிடின் சம்பள உயர்வில்லை. கோடீஸ்வரன் என்ற அரசாங்க எழுதுவினைஞர் எழுத மறுத்து 1962 இல் சம்பள உயர்வை இழந்து வழக்குத் தொடர்ந்தார். 1964 இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. வழக்கு 1969 இல் பிரிவி கவுன்சில் வரை சென்றும், சட்டம் செல்லுமா என்ற மூலவினாவுக்கு முடிவான விடை கிட்டவில்லை. அந்த வகுப்பறைகளை வைத்து எவரும் நகைச்சுவைத் தொடர் எழுதவில்லை. ஆங்கிலத்தைச் சிங்களத் தோழர்கள் ‘கடுவ’ என்பார்கள். வாள் என்று பொருள். மொழி இங்கே வாளாகத்தான் இருந்திருக்கிறது, கைபிடி மட்டும் மாறி மாறி.

எனினும் இந்த நாட்டிலேயே பேச்சு வழக்கை வைத்துச் சிரிப்பை உண்டாக்கிய வேறொரு மரபு இருந்தது. எழுபதுகளில் இலங்கை வானொலியில் எஸ். ராம்தாஸ் எழுதிய கோமாளிகள் நாடகத்தைத்தான் சொல்கிறேன். 1976 இல் எஸ். இராமநாதனின் இயக்கத்தில் திரைப்படமாகவும் வந்தது. முஸ்லிம் வழக்குப் பேசும் மரிக்காராக ராம்தாஸ். யாழ்ப்பாண வழக்குப் பேசும் அப்புக்குட்டியாக ரி. ராஜகோபால், சிங்களவர் பேசும் தமிழைப் பேசும் உபாலியாக எஸ். செல்வசேகரன், பிராமண வழக்குப் பேசும் ஐயராக பி. எச். அப்துல் ஹமீத். முஸ்லிமல்லாதவர் முஸ்லிமாகிறார், முஸ்லிம் ஐயராகிறார், தமிழர் சிங்களவராகிறார். இங்கும் வேடந்தான், ஆனால் கரும்பலகை இல்லை. எவருடைய தமிழ் சரியான தமிழ் என்று தீர்ப்பளிக்கும் பிரவுன் இல்லை. நால்வரும் பிழையாகப் புரிந்துகொள்கிறார்கள். நால்வரும் ஒருவருக்கொருவர் தேவைப்படுகிறார்கள். அந்த வேடப்பெயர்கள் நடிகரின் பெயரோடு ஒட்டிக்கொண்டன. மரிக்கார் ராம்தாஸ், உபாலி செல்வசேகரன் என்றே மக்கள் இறுதிவரை அழைத்தார்கள்.

அறுபதுகளின் மரபுப் போராட்டத்தில் பேச்சுவழக்கை இழிசனர் வழக்கென்று பழித்த பண்டிதர்களோடு முற்போக்கு எழுத்தாளர் மோதினார்கள். ஏட்டில் வென்ற அந்த நியாயத்தைச் சில ஆண்டுகளிலேயே காற்றலையில் இலட்சக்கணக்கானோருக்கு எடுத்துச் சென்றவர்கள் இந்தக் கோமாளிகள். அதை நம் விமர்சகர் போதிய அளவு கண்டுகொள்ளாதது நம் பக்கத்துக் குறை. விளம்பரதாரர் பணத்தில் நடந்த கேளிக்கை என்று மூக்கைச் சுளித்தோம் போலும்.

குறைகளும் சொல்லத்தான் வேண்டும். மரிக்காரின் பேச்சு கொழும்பு வாடை கொண்டது. கிண்ணியாவில் வயல் செய்யும் முஸ்லிம் விவசாயி பேசுவது அதுவன்று. அந்த நால்வருள் தோட்டத் தொழிலாளியின் குரலும் இல்லை. கம்பளையைச் சுற்றிய மலைகளில் கொழுந்து பறிப்பவள் கொழும்பு வானொலிக் கூடத்தின் நாற்சந்தியிலும் இடம் பெறவில்லை. நாலு வழக்குகளைச் சேர்த்ததைப் பாராட்டும் நாம் ஐந்தாவது விடுபட்டதைக் கேட்காமல் விடலாகாது.

எங்கள் மாவட்டத்துக்கு அந்த நாடகம் கற்பனையாகத் தோன்றவில்லை. 1981 குடிசன மதிப்பீட்டின்படி தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் இங்கே ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினராக இருந்தனர். கிண்ணியாவுக்குப் பாலமில்லாத நாளில் ‘பாதை’யில் ஏறினால், கந்தளாய்ச் சிங்கள வியாபாரியும் தம்பலகாமத்து விவசாயியும் கிண்ணியா மரக்கறிக்காரரும் ஒரே பலகையில் நின்று ஒருவர் பேச்சை ஒருவர் நடித்துக் காட்டிச் சிரிப்பதைக் கேட்கலாம். 1983 ஜூலையில் இந்நகரில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. நாங்கள் கூடித் தொலைக்காட்சி பார்த்த முற்றமும் பின்னர் கலைந்தது. உபாலியின் தமிழைக் கேட்டு முன்போல் சிரிக்க மனம் வரவில்லை என்று சொன்னவர்களை நான் அறிவேன். சிரிப்புக்கும் ஒரு அரசியல் தட்பவெப்பம் தேவைப்படுகிறது.

கலைந்தவர்களின் அடுத்த தலைமுறையிலிருந்து இன்று பிரித்தானியத் தொலைக்காட்சியில் முன்வரிசையில் நிற்பவர் ரொமேஷ் ரங்கநாதன். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு 1978 இல் குரோலி நகரில் பிறந்தவர். கணித ஆசிரியராக இருந்தவர். மோசஸ் தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டில் பிறந்த பிள்ளைக்கு எந்தத் தலைப்பாகையும் தேவைப்படவில்லை. ‘த ரிலக்ரன்ட் லான்ட்லோர்ட்’ (2018) தொடரில், தந்தை விட்டுச்சென்ற மதுச்சாலையை மனமின்றி நடத்தும் மகனாக, தம் குடும்ப வாழ்விலிருந்தே கதையெடுத்து எழுதி நடித்தார். ‘ஏஷியன் புரொவொக்கேட்டர்’ (2015) நிகழ்ச்சியில் தாயார் அவரை இலங்கைக்கு அனுப்பி வைக்கிறார். அங்கே பேச்சு வராமல் விழிப்பவர் அவர்தான். வகுப்பறை தலைகீழாகிறது: ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவன் பின்வாங்கில் அமர்ந்திருக்கிறான், பாட்டன் ஊர் முழுவதும் ஆசிரியராகி நிற்கிறது. இந்தத் தலைகீழ் மாற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆயினும் தமிழ் தெரியாமையை அவர் சிரித்துக் கடக்கும் இடங்களில், அந்தத் தமிழ் எப்படிப் போயிற்று, பெற்றோர் ஏன் கடல் கடக்க வேண்டியிருந்தது என்னும் கேள்வி இன்னும் சற்று நேரம் திரையில் நின்றிருக்கலாம் என்று தோன்றுகிறது.

மாமா இந்த ரொமேஷைப் பார்க்கவில்லை. அவர் இறப்பதற்கு முன் ஒருமுறை துறைமுகத்துக்கு வெளிநாட்டுக் கப்பலொன்று வந்திருந்தது. உட்துறைமுக வீதியில் வழி கேட்ட வெள்ளைக்கார மாலுமிக்கு, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பேசாதிருந்த தம் பண்டகசாலை ஆங்கிலத்தில் மாமா வழி சொன்னார். மாலுமி நன்றி கூறிவிட்டு, காட்டிய திசையிலேயே போனான்.