பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் இல்லாத ஒரு கட்டம்

2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடம். எனக்கு அந்தச் சட்டத்தில் முக்கியமாகப் படுவது பிரிவு 22. அதிகம் பேசப்படாத பிரிவு. ஒவ்வொரு பள்ளியின் மேலாண்மைக் குழுவும் ஒரு பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்க வேண்டும் என்கிறது. அதோடு நிற்கவில்லை. அரசோ உள்ளாட்சி அமைப்போ போடும் திட்டங்களுக்கும் தரும் மானியங்களுக்கும் இந்தத் திட்டமே அடிப்படையாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

இதை ஒருமுறை நிதானமா யோசிச்சுப் பாருங்க. குழுவில் குறைந்தது முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பாதிப்பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022இல் குழுக்களை மறுகட்டமைத்தபோது 20 உறுப்பினர்களில் 15 பேர் பெற்றோர், தலைவர் ஒரு தாய் என்று வைத்தார்கள். 37,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் நடந்த வேலை இது. அதாவது, நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு அம்மா கையெழுத்துப் போடும் தாள்தான் கல்வித் துறையின் நிதித் திட்டத்துக்கு அடித்தளம். சட்டத்தின் எழுத்துப்படி அப்படித்தான்.

நடைமுறையில் அந்தத் தாள் எப்படி இருக்கிறது என்பதுதான் இந்தப் பதிவு. உயர்நிலைப் பள்ளியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அதாவது 6 முதல் 10 வரை உள்ள பள்ளி. காரணம் பின்னால் வரும்.

படிவம் என்ன கேட்கிறது?

மத்திய அரசின் 2010 விதிகள் இந்தத் திட்டத்தை மூன்றாண்டுத் திட்டமாக வரையறுக்கின்றன. அதற்குள் மூன்று ஆண்டுத் துணைத் திட்டங்கள். உள்ளடக்கம் நான்கே தலைப்புகள்: வகுப்புவாரியாக எத்தனை மாணவர்கள் சேருவார்கள், கூடுதலாக எத்தனை ஆசிரியர்கள் வேண்டும், கூடுதலாக என்ன கட்டடமும் கருவிகளும் வேண்டும், இதற்கெல்லாம் கூடுதலாக எவ்வளவு பணம் வேண்டும்.

மென்பொருள் துறையில் இருபது வருஷமாக தேவை ஆவணங்களைப் படிச்சுக்கிட்டிருக்கிற கண்ணோட இதைப் பார்த்தால் உடனே ஒன்று தெரியும். இதன் பெயர் திட்டம் இல்லை, கோரிக்கைப் பட்டியல். நான்கில் மூன்று தலைப்புகள் ‘கூடுதலாக’ என்ற சொல்லில் தொங்குகின்றன. இருப்பதை வைத்து இந்த வருஷம் என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு தலைப்பும் கேட்கவில்லை. பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்றும் கேட்கவில்லை. அதைவிட முக்கியமாக, போன வருஷம் எழுதியது என்ன ஆனது என்ற கட்டமே கிடையாது.

விதிகளை எழுதியவர்களைக் குறை சொல்வது சுலபம். ஆனால் 2010இல் பல மாநிலங்களில் வகுப்பறையும் ஆசிரியரும் இல்லாததுதான் முதல் பிரச்சினை. அதைக் கேட்டு வாங்க ஒரு வழி வேண்டியிருந்தது. நியாயம்தான். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி இன்று இருக்கும் இடம் வேறு. இங்கே குழுக் கூட்டங்களில் கற்றலும் இடைநிற்றலும் பேசப்படுகின்றன, தீர்மானங்கள் செயலியில் ஏறுகின்றன. ஆனாலும் அந்தப் பழைய வடிவத்தின் புத்தி இன்னும் போகவில்லை. நான் பார்க்க நேர்ந்த சில திட்டங்களில் (பள்ளிகளின் பெயர் வேண்டாம்) சுற்றுச்சுவர், கழிப்பறை, கணினி, கணித ஆசிரியர் என்ற நான்கு வரிகள் வருஷம் மாறியும் அப்படியே நிற்கின்றன. கிடைக்காததால் நிற்கிறதா, கிடைத்தும் போதாததால் நிற்கிறதா, யாரும் அழிக்காததால் நிற்கிறதா? தாளைப் பார்த்துச் சொல்லவே முடியாது. அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

யார் கையில் எது?

அந்த நான்கு வரிகளையே எடுத்துக்கொள்வோம். கணித ஆசிரியர் பணியிடத்தைப் பள்ளி முடிவு செய்வதில்லை. ஆகஸ்ட் 1 நிலவரப்படி இருக்கும் மாணவர் எண்ணிக்கையை வைத்துத் துறை பணியாளர் நிர்ணயம் செய்கிறது. அந்த இடத்துக்கு யார் வருவார்கள் என்பது மாறுதல் கலந்தாய்வில் முடிவாகிறது. புதுக் கட்டடம் மாநில அளவிலான திட்டங்களிலிருந்து வர வேண்டும். 2022-23 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் அப்படி ஒன்று, ஐந்தாண்டுகளில் 7,000 கோடி ரூபாய்.

பள்ளியின் கையில் நேரடியாக வருவது ஒருங்கிணைந்த பள்ளி மானியம். சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் அதன் அளவு மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 100க்கு மேல் 250 வரை 50,000 ரூபாய். 250க்கு மேல் 1000 வரை 75,000 ரூபாய். அதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்கு.

கணக்குப் போடலாம். 400 பேர் படிக்கும் உயர்நிலைப் பள்ளிக்கு 75,000 ரூபாய் என்றால் பிள்ளை ஒன்றுக்கு வருஷத்துக்கு 187 ரூபாய் 50 காசு. மாசத்துக்குப் பதினாறு ரூபாய்கூட இல்லை. படிக்கட்டு முறையில் வேறொரு விசித்திரமும் உண்டு. 250 பேர் இருந்தால் தலைக்கு 200 ரூபாய், ஒரு பிள்ளை கூடுதலாகச் சேர்ந்தால் தலைக்கு ஏறக்குறைய 299, ஆயிரம் பேர் ஆனால் தலைக்கு 75. இதற்குள்தான் சாக்பீஸ், சின்னச் சின்னப் பழுதுகள், ஆய்வகச் சில்லறைச் சாமான் எல்லாம்.

இந்த மானியமும் மாநிலத்தின் கையில் மட்டும் இல்லை. 2024-25இல் பிஎம் ஸ்ரீ ஒப்பந்தத் தகராறில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாய் சமக்ர சிக்‌ஷா நிதி நின்றுபோனதை எல்லோரும் படித்திருப்போம்.

ஆக, திட்டத்தில் வரும் விஷயங்கள் மூன்று வகை. நாமே செய்யக்கூடியது, மானியத்தில் செய்யக்கூடியது, மேலே கேட்டு வாங்க வேண்டியது. இந்த மூன்றையும் ஒரே பட்டியலில் வரிசையெண் போட்டு எழுதினால் என்ன ஆகும்? மூன்றாவது வகை வராததால் முதல் வகையும் நின்றுபோகும். ‘ஆசிரியரே இல்லைங்க, அப்புறம் என்ன திட்டம்?’ என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்காது. அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அது எல்லா வேலைக்கும் விடுப்புச் சீட்டாக மாறிவிடுகிறது.

காலண்டரில் ஒரு பக்

விதிகளின்படி குழு அமைந்த முதல் நிதியாண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே திட்டம் தயாராக வேண்டும், அதாவது டிசம்பர் கடைசிக்குள். நிதியாண்டு முடிவதற்குள் சமர்ப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச், ஏப்ரலில் நடக்கிறது. முடிவு மே மாதம். புதுச் சேர்க்கை அதற்கும் பிறகு, ஜூனில்தான் முழுசாகத் தெரியும்.

அதாவது, வருஷம் எப்படிப் போனது என்று தெரிவதற்கு முன்பே அடுத்த வருஷத்துக்கான தாள் முடிந்துவிடுகிறது. நிதி ஒதுக்கீட்டுக்கு அந்தத் தேதி தேவைதான். அதனால் தேதியை மாற்றச் சொல்லவில்லை. பணம் கேட்கும் தாள் டிசம்பரில் போகட்டும். கற்றல் பற்றிய தாளை ஜூன் கடைசியில், முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு எழுதலாமே. இரண்டையும் ஒரே தாளில் அடைத்ததுதான் கோளாறு.

ஒன்பதாம் வகுப்பு யாருடைய பொறுப்பு?

உயர்நிலைப் பள்ளியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான். கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரை, எட்டாம் வகுப்போடு நின்றுவிடும். விதிகளில் ஆசிரியர் தேவையைக்கூட 1–5, 6–8 என்றுதான் பிரித்துக் கேட்கிறார்கள். 9, 10 வகுப்புகள் 2009இல் தொடங்கிய இடைநிலைக் கல்வித் திட்டத்தின் கீழ் தனிக் குழுவோடு இருந்தன. 2018இல் எல்லாம் சமக்ர சிக்‌ஷாவுக்குள் வந்தன. நிர்வாகம் ஒன்றானது. சட்ட உரிமை எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை.

பிள்ளைகள் நழுவும் இடமும் அதே விளிம்புதான். எட்டு வரை தோல்வி இல்லாமல் வந்த பையனுக்கு ஒன்பதில் முதல் சுவர். பள்ளிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் என்ற ஒரே எண்தான் பெருமை, ஃப்ளெக்ஸ் பேனர் எல்லாம். விகிதம் என்பது பின்னம். தொகுதியைக் கூட்டியும் உயர்த்தலாம், பகுதியைக் குறைத்தும் உயர்த்தலாம். தேறமாட்டான் என்று தோன்றுகிற பையன் ஒன்பதிலேயே மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போய்விட்டால் விகிதம் தானாக ஏறும். ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்பு எழுதினார்கள் என்று கேட்டால் இந்த வித்தை எடுபடாது. அந்த எண்ணும் ஆண்டுத் திட்டத்தில் இருக்க வேண்டும்.

வேறொரு படிவம்

ஒப்பிட்டுப் பார்க்க கலிஃபோர்னியா மாநில அரசுப் பள்ளிகளின் ஆண்டுத் திட்டப் படிவத்தைப் படித்தேன். அங்கே ஸ்கூல் சைட் கவுன்சில் என்று ஒரு மன்றம் அதைத் தயாரிக்கிறது. படிவம் நீளமானது, சலிப்பானது, அலுவலக மொழி. ஆனால் ஒவ்வொரு இலக்குக்குக் கீழேயும் ஆண்டு மதிப்பாய்வு என்று ஒரு பகுதி. அதில் மூன்று கேள்விகள்: சொன்னதைச் செய்தீர்களா, அது பலன் தந்ததா? திட்டமிட்டதற்கும் நடந்ததற்கும், ஒதுக்கிய பணத்துக்கும் செலவான பணத்துக்கும் என்ன வித்தியாசம்? இதனால் அடுத்த ஆண்டு எதை மாற்றுகிறீர்கள்?

நம் படிவத்தில் காணாத கட்டம் இதுதான். எங்கள் தொழிலில் இதற்கு ரெட்ரோ என்று பெயர். இது இல்லாமல் அடுத்த ஸ்பிரின்ட் தொடங்கினால் அதே பக் அதே இடத்தில் திரும்ப வரும்.

அங்கே கவனித்த இன்னொன்று: உயர்நிலைப் பள்ளி என்றால் அந்த மன்றத்தில் மாணவர்களும் வாக்குள்ள உறுப்பினர்கள். கழிப்பறையில் தண்ணீர் எந்த நேரத்தில் நிற்கிறது என்று பத்தாம் வகுப்புப் பெண்ணுக்குத் தெரிந்த அளவு எந்த உறுப்பினருக்குத் தெரியும்?

அமெரிக்காவை அப்படியே காப்பி அடிக்கச் சொல்லவில்லை. அவர்களே எண்ணைத் துரத்தி அடிபட்டவர்கள். 2002 ஜனவரியில் கையெழுத்தான ‘எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது’ சட்டம், 2013-14க்குள் எல்லா மாணவரும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்ச்சி நிலையை எட்ட வேண்டும் என்றது. நூற்றுக்கு நூறு. நடக்கவில்லை. 2015 டிசம்பரில் வேறு சட்டம் கொண்டுவந்தார்கள். எட்ட முடியாத இலக்கை மேலேயிருந்து திணித்தால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம். நான் கேட்பது மேலேயிருந்து வரும் இலக்கு இல்லை. பள்ளி தானே எழுதி, தானே திரும்பிப் பார்க்கும் இலக்கு.

ஒரு தாள் போதும்

எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரி. ‘கழிப்பறை வேண்டும்’ என்பது கோரிக்கை. ‘இருக்கும் நான்கு கழிப்பறைகளில் மதிய இடைவேளையில் தண்ணீர் வருகிறதா என்று தினமும் ஒரு டிக் போடுவோம், டிசம்பரில் எண்ணிப் பார்ப்போம்’ என்பது திட்டம். ‘கணித ஆசிரியர் வேண்டும்’ என்பது கோரிக்கை. ‘ஒன்பதாம் வகுப்பில் வகுத்தல் தெரியாத பிள்ளைகள் யார் என்று ஜூலையில் கண்டுபிடிப்போம், வாரம் இரண்டு நாள் மாலை அவர்களோடு உட்காருவோம், ஜனவரியில் அதே கணக்கைத் திரும்பக் கொடுப்போம்’ என்பது திட்டம். யார், எப்போது, எப்படித் தெரியும் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. கோரிக்கைகள் தனித் தாளில், எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பினோம், என்ன பதில் வந்தது என்ற குறிப்போடு இருக்கட்டும்.

‘ஏற்கெனவே எமிஸ் பதிவிலேயே ஆசிரியர் நேரம் போகிறது, இதில் இன்னொரு தாளா?’ என்று ஆசிரிய நண்பர்கள் கேட்பார்கள். சரியான கேள்வி. அதனால்தான் சேர்க்கச் சொல்லவில்லை, குறைக்கச் சொல்கிறேன். மாணவர் எண்ணிக்கை, கட்டட விவரம் எல்லாம் ஏற்கெனவே தரவுத்தளத்தில் இருக்கின்றன. அவற்றைத் திரும்பக் கையால் எழுதவைப்பது வீண். அந்த இடத்தை மூன்று இலக்குகளுக்குக் கொடுங்கள். நான்காவது வேண்டாம். பதினைந்து இலக்கு எழுதும் பள்ளி, ஒன்றையும் எழுதாத பள்ளி மாதிரிதான்.

மூன்றாண்டுத் திட்டம் என்பதில் ஒரு கசப்பான கணக்கு ஒளிந்திருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா இன்று குழுத் தலைவராகக் கையெழுத்துப் போட்டால், திட்டம் முடியும்போது பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்துப் பள்ளியைவிட்டே போயிருக்கும். அவரும் குழுவில் இருக்கமாட்டார். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அரை நாள் கூலியை விட்டுக் கூட்டத்துக்கு வந்தவர். அவர் கேட்டது நடந்ததா என்று அவருக்குச் சொல்ல அந்தத் தாளில் இடமில்லை.

படிவம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் குழு உறுப்பினராக இருந்தால், அடுத்த கூட்டத்தில் புதுத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “சார், போன வருஷத் தாளைக் கொஞ்சம் எடுங்க, அதுல எது நடந்துச்சுன்னு பார்த்துட்டுப் போடலாம்.” தீர்மானப் புத்தகத்தில் அந்தப் பதிலையும் எழுதச் சொல்லுங்கள்.