செல்வம் இழந்த வீரனும் கை ஈந்த வீராங்கனையும்

1939 ஆம் ஆண்டு அமெரிக்கச் சித்திரக்கதையுலகிற் பிறந்த பேற்மன் பெருஞ்செல்வன். மாளிகையும் ஏவலாளரும் அவனது வீரத்துக்கு அரணாயின. அச்செல்வத்தை நீக்கிவிடின் எஞ்சுவது யாது? இவ்வினாவையே டி. சி. நிறுவனம் 2024 ஒக்ரோபரில் தொடங்கிய 'அப்சொலூற்' வரிசை எழுப்புகின்றது.

ஸ்கொற் ஸ்னைடர் எழுத, நிக் டிரகொற்றா வரையும் 'அப்சொலூற் பேற்மன்' இதழ்களிற் புரூஸ் வெயின் ஓர் ஆசிரியரின் மகன், தொழிலாற் பொறியியலாளன். பழைய கதைகளிற் பகைவராயிருந்தோர் சிலர் இங்கு அவனுடைய இளமைத் தோழர். தீமை பிறவிக்குணமன்று என்பதை உணர்த்தும் இம்மாற்றம் போற்றத்தக்கது. ஆயின், பறித்த பொருளுக்கு ஈடாக ஆசிரியர் உடல் வலிமையை அள்ளி வழங்கிவிட்டார். மார்பிலணிந்த வௌவாற் சின்னமே கோடரியாகி, முதலிதழிலேயே ஒருவனின் கையைத் துணிக்கின்றது. பணம் இருந்த இடத்திற் பலம் அமர்ந்தது; வினாவோ விடை பெறாது நிற்கின்றது.

கெல்லி தொம்சன் எழுதி, ஹேய்டன் ஷேர்மன் வரையும் 'அப்சொலூற் வண்டர் வுமன்' அவ்விடையைத் தருகின்றது. அமேசன் மகளிரினின்றும் பிரிக்கப்பட்ட டயானா, நரகிலே கிரேக்கப் புராணத்துச் சூனியக்காரி சேர்சியால் வளர்க்கப்படுகின்றாள். அவ்விருளிலும் அவள் அன்பு கெடவில்லை. அங்கு வந்து சிக்கிய மானுடனொருவனை மண்ணுலகு சேர்ப்பித்தற்குத் தன் கையையே காணிக்கையாக்குகின்றாள்.

முன்னதன் வேகத்தை இரசிகர் மெச்சுவர், யாமும் மெச்சினோம். எனினும், வீரம் இன்னதென்று அறிய விரும்புவோர் மீண்டும் எடுத்துப் படிக்கத்தக்கது பின்னதேயாம்.