மறையும் களவும்

மறைத்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் பல. சீக்ரட், கான்ஃபிடென்ஷியல், ஃபர்டிவ், ஸ்டெல்த், கிளாண்டஸ்டைன் என அவை விரிந்து செல்லும். நம் வகுப்பறைகளின் மொழிபெயர்ப்புப் பயிற்சியில் இவை அனைத்தும் ‘இரகசியம்’ என்னும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டப்படுகின்றன. இதனால் ஆங்கிலத்துக்கு நட்டமில்லை. தமிழ் மாணவன் தன் அகப்பாட்டைத் தவறாகப் படிக்க நேர்வதே நட்டம்.

சீக்ரட் என்பது இலத்தீனத்தில் ‘பிரித்து ஒதுக்கிவைத்தது’ எனப் பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. கான்ஃபிடென்ஷியல் என்பதன் அடி நம்பிக்கை. ஒருவரை நம்பி ஒப்படைத்த செய்தி அது. ஃபர்டிவ் என்பதன் அடியோ திருடன். ஸ்டெல்த் என்பதும் திருட்டைக் குறிக்கும் வினையோடு உறவுடையது. மறைவையும் திருட்டையும் ஒரே வேரில் வைத்துப் பார்த்தது தமிழ் மட்டுமன்று என்பது இதனால் விளங்கும்.

ஆயினும் ஓர் வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் அத்திருட்டு வாடை இன்றும் நீங்கவில்லை. ஃபர்டிவ் என்றால் குற்றமுள்ள நெஞ்சின் பார்வையே நினைவுக்கு வரும். தமிழிலோ தொல்காப்பியம் ஓர் இயலுக்கே களவியல் என்று பெயரிட்டு, அதனை அடுத்துக் கற்பியலை வைத்தது. களவில் மறைக்கப்படுவது ஊருக்கும் உறவுக்குமேயன்றித் தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே ஒளிவில்லை. அது திருமணத்தை நோக்கி நடக்கும் ஒழுக்கம். ஆங்கிலத்தில் பெயர்ப்போர் அதனைக் கிளாண்டஸ்டைன் என எழுதும்போது, குற்றவாளிக் கூண்டில் தலைவியை நிறுத்திவிடுகின்றனர். அதைப் படிக்கும் நம் மாணவனும், நாளிதழ்களின் ‘கள்ளக் காதல்’ செய்திகளோடு குறிஞ்சித் திணையை இணைத்துப் பார்க்கிறான். ஆசிரியர் அவ்விடத்தில் வாளாவிருத்தல் தகாது.

இவ்வையம் புதிதன்று. இறையனார் அகப்பொருள் உரைகாரர் அக்காலத்திலேயே இதனை எதிர்கொண்டார். களவு என்ற சொல்லைக் கேட்டவுடன் தீது என முடிவு செய்தல் ஆகாது என்று கூறி, ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். உறவினரோடு பிணங்கிய பெண்ணொருத்தி சாகத் துணிந்து நஞ்சைக் கூட்டிவைக்கிறாள். இரக்கமுடைய ஒருவன் அவள் காணாதபடி அதனை எடுத்துச் சென்று கொட்டிவிடுகிறான். அவன் செய்ததும் களவுதான். ஆனால் அதனால் ஓர் உயிர் பிழைத்தது. உரையாசிரியர்கள் தந்த சான்றுகளுள் இதனினும் உயிருள்ளதைக் காண்பது அரிது. கோல சிலாங்கூர்த் தோட்டங்களில் வளர்ந்த மாணவனுக்கு இதனை விளக்க நெடுநேரம் ஆகாது. களைக்கொல்லி மருந்து எத்தனை இல்லங்களை இருளாக்கியது என்பதைத் தோட்டப்புற மக்கள் அறிவர். பாராகுவாட் என்னும் அந்நஞ்சின் பயன்பாடு மலேசியாவில் 2020 ஜனவரி முதல் நாள் தொட்டுத் தடைசெய்யப்பட்டது. அதுவரை அதனைக் கண்ணுக்கு மறைவாய் எடுத்துவைத்த கை யாருடையதாயினும், அது கள்வன் கையன்று.

பழிக்கத்தக்க மறைவுக்குத் தமிழில் வேறு சொல் உண்டு. அது கரத்தல். இருப்பதை இல்லையென்று இரவலனிடம் ஒளிப்பதையே ஆத்திசூடியும் குறளும் அச்சொல்லால் கடிகின்றன. ஆங்கிலத்தில் இதற்கு நேர்ச்சொல் தேடுவது வீண். இனி, மறை என்பதோ மதிப்புடைய சொல். வேதத்துக்கும் அதுவே பெயர். காத்தற்குரிய செய்திக்கும் அதுவே பெயர். தாம் கேட்ட மறையை ஊரெங்கும் கொண்டுசெல்லும் கயவரை வள்ளுவர் பறையோடு ஒப்பிடுவது, மறை என்ற சொல்லின் எடையை உணர்ந்தோர்க்கே சுவைக்கும்.

மறைவை விட்டு வெளிப்படுதலுக்கும் அகத்திணையில் சொற்கள் உள. அரும்பு நிலையில் உள்ள ஊர்ப்பேச்சு அம்பல்; விரிந்து பரவினால் அலர். தோழி செவிலியிடம் உண்மையை வெளிப்படுத்துவதோ அறத்தொடு நிற்றல். மறைத்தலுக்கு மட்டுமன்றி, மறைவை உடைத்தலுக்கும் ஓர் அறம் உண்டென்று கண்ட மரபு இது.

நன்னூலார் கூறும் குழூஉக்குறியும் ஈண்டு நோக்கற்பாலது. ஒரு குழுவினர் பிறர் அறியாவண்ணம் தமக்குள் வழங்கும் சொல் அது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பர். வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பர். மறைப்பதற்கென்று சூட்டிய பெயரே, மறைத்ததையெல்லாம் சொல்லவைக்கும் பொருள் என்று காட்டிக்கொடுக்கும் வேடிக்கையைப் பாருங்கள்! 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. சொல்விளம்பி வாய்திறக்க வைத்தது கொஞ்சமன்று. கூலியைக் கரைத்தது அதனினும் அதிகம்.

சுங்கை புரோங் என்ற பெயருக்குப் பறவை ஆறு என்று பொருள். அதே கடற்கரையில், கோல சிலாங்கூரில், 1987இல் அமைக்கப்பட்ட இயற்கைப் பூங்காவில் பறவை காண்போர் பதுங்கியிருக்கும் சிறு குடிலை ஆங்கிலத்தில் ‘ஹைட்’ என்பர். இதனை ‘இரகசிய இடம்’ என்று ஒரு மாணவன் பெயர்த்தால் பறவைகளும் நகைக்கும். ‘மறைவிடம்’ பொருந்தும், ‘ஒளிவிடம்’ இன்னும் பொருந்தும். கம்போங் குவாந்தானில் ஆற்றோர மரங்களில் மின்மினி மினுக்குவதும் ‘ஒளி’. அது அணைந்து இலைக்குள் பதுங்குவதும் ‘ஒளி’. தமிழன்றி எம்மொழி இவ்வாறு ஒரே வடிவில் இரண்டையும் தரும் என்று மாணவரைத் தேடச் சொல்லலாம்.

மலாயில் இரகசியம் ‘ரஹ்சியா’ ஆனது. இரண்டும் வடமொழித் தாய்க்குப் பிறந்தவை. 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டத்திலும் அச்சொல்லே நிற்கிறது. ஆனால், 2021இல் கைவிடப்பட்ட யு.பி.எஸ்.ஆர். தேர்வுத் தாளின் முகப்பில் இருந்த சொல் ‘சூலிட்’. அதற்கு மறைவானது என்பதோடு கடினமானது என்றும் பொருளுண்டு. தாளைப் புரட்டிய பிள்ளைகள் எப்பொருளைக் கொண்டனர் என்பதை அவர்தம் முகமே சொல்லியிருக்கும்.