அணையா அடுப்பும் ஏழு திரைகளும்

வடலூர் சத்திய ஞான சபையைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஜோதியில் ஆரம்பித்து ஜோதியிலேயே முடித்துவிடுகிறார்கள். எண்கோணக் கட்டடம், ஏழு நிறத்தில் ஏழு திரைகள், தைப்பூசத்தன்று திரை விலகியதும் தெரிகிற தீபம் என்று இவற்றை வர்ணித்துவிட்டு, அன்னதானம் என்ற தலைப்பில் தருமசாலையைப் பற்றி ஒரு பத்தி சேர்த்துக் கட்டுரையை மங்களமாக முடித்துவிடுவார்கள். ராமலிங்க சுவாமிகளை இப்படிப் படிப்பது பாதிப் படிப்புத்தான் என்பது என் அபிப்பிராயம். அவர் கட்டியதையும் எழுதியதையும் சேர்த்துப் படித்தால் வரிசை வேறு விதமாக இருக்கிறது.

முதலில் வருஷங்களைப் பார்க்கலாம். வடலூரில் சத்திய தருமசாலை தொடங்கியது 1867 மே 23ஆம் தேதி. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் இருந்து வருகிறது. ஞான சபையில் முதல் ஜோதி தரிசனம் நடந்தது 1872 ஜனவரி 25ஆம் தேதி, தைப்பூசத்தன்று. இடையில் நாலரை வருஷத்துக்கு மேல் இருக்கிறது. அவ்வளவு காலமும் வடலூரில் எரிந்த நெருப்பு சோறு பொங்குகிற நெருப்பு ஒன்றுதான். கோயிலைக் கட்டி முடித்துவிட்டு அதன் பக்கத்தில் மடைப்பள்ளி வைப்பது உலக வழக்கம். இவர் மடைப்பள்ளியை முதலில் வைத்தார். இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. அவருடைய வசனத்தைப் படித்தவர்களுக்குக் காரணம் விளங்கும்.

அந்த வசனத்தைத்தான் நம் விமரிசகர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் 1867ல் தொழுவூர் வேலாயுத முதலியார் முயற்சியால் அச்சேறின. உடனே, அது அருட்பாவா மருட்பாவா என்ற சண்டை மூண்டது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் எதிர்த்தார். விவகாரம் 1869ல் மஞ்சக்குப்பம் கோர்ட்டு வரைக்கும் போயிற்று. ஆறாம் திருமுறை, சுவாமிகள் மறைந்து 11 ஆண்டுகள் கழித்து, 1885ல்தான் வெளிவந்தது. சண்டை முழுவதும் பாட்டைப் பற்றியது. பாட்டைத் தூக்கி வைத்தவர்களும் சரி, தாக்கியவர்களும் சரி, 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்ற உரைநடை நூலை ஓர் இலக்கியமாக எடுத்துக்கொண்டு பேசியது குறைவு.

ஒரு நாவலாசிரியன் என்ற முறையில் எனக்கு அந்த நூலில் வியப்பளிப்பது பசியைப் பற்றிய பகுதி. பசி என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிடுவதில்லை. காது என்ன ஆகிறது, கண் என்ன ஆகிறது, நாக்கு, குரல், கை கால், தோல், ரோமம், நரம்பு, எலும்பு என்று ஒவ்வோர் அங்கமாக எடுத்துக்கொண்டு, பட்டினி கிடப்பவன் உடம்பில் நடப்பதையெல்லாம் வைத்தியன் குறிப்பெழுதுவதுபோல் எழுதிக்கொண்டு போகிறார். உபமானம் குறைவு, விவரம் அதிகம். தமிழ் வசனம் அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்தது. வேதநாயகம் பிள்ளையின் முதல் நாவல்கூட வெளிவரவில்லை. அந்தக் காலத்தில் இப்படி ஒரு பகுதி எழுதப்பட்டிருக்கிறது. அவர் மறைந்தது 1874ல். இரண்டே வருஷத்தில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. அந்தப் பஞ்சத்தைப் பற்றிக் கும்மியும் நையாண்டியும் நமக்குக் கிடைத்தன. பஞ்சத்தில் அடிபட்ட உடம்பைப் பற்றிய விவரத்துக்கோ பஞ்சத்துக்கு முன்பே எழுதிவைத்த இவரிடம்தான் போகவேண்டியிருக்கிறது.

அதே நூலில் ஓர் இடத்தில் அவர் ஏழையின் அறிவை ஒரு விளக்கு என்கிறார். பசியை அதை அவிக்க வருகிற நச்சுக் காற்று என்கிறார். அந்தச் சமயத்தில் ஆகாரம் கொடுத்து விளக்கை அவியாமல் காப்பதுதான் ஜீவகாருண்யம் என்பது அவர் வாதம். சபையைப் புரிந்துகொள்ள எனக்கு இந்த ஓர் இடம் போதும். ஏழு திரைகளுக்குப் பின்னால் கண்ணாடிக்கும் தீபத்துக்கும் மேல் ஒன்றும் இல்லை. பசியால் அவிந்துபோகவிருந்த விளக்கு எதுவோ, அதையே திரைக்குப் பின்னால் ஏற்றி வைத்திருக்கிறார் என்று நான் படிக்கிறேன். அதனால்தான் அடுப்பு முந்தி, தீபம் பிந்தி. தருமசாலையை அன்னதானம் என்று சொல்லி ஒதுக்குவதும் இதனால்தான் பொருந்தவில்லை. தானம் என்றால் கொடுக்கிறவனுடைய புண்ணியக் கணக்கு முன்னால் வந்து நின்றுவிடுகிறது. அவருடைய வசனத்தில் முன்னால் நிற்பவன் பசித்தவன்.

இதுவரையில் சொன்னதை வடலூர் அன்பர்கள் ஒப்புக்கொள்வார்கள். இனிச் சொல்லப்போவது அவ்வளவு சுலபமல்ல.

நான் இருப்பது வருசநாட்டில். மலைக்கு அந்தப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்கில் பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் நெல் விளைகிறது. அந்த அணைகூடப் பஞ்சத்தின் பாடத்தால் வேகம் பெற்று, 1895ல் திறக்கப்பட்டது. இந்தப் பக்கம் நிலைமை வேறு. வைகை இங்கே பிறக்கிறது என்று பெயர். மணல் தெரிகிற மாதங்கள்தான் அதிகம். இலவமரமும் மானாவாரியும் ஆட்டு மந்தையுமாகப் பிழைக்கிற சனங்கள். பசி இன்னதென்று இவர்களுக்கு யாரும் புத்தகம் படித்துச் சொல்லவேண்டியதில்லை. இவர்கள் ஆடு வளர்க்கிறவர்கள். சாமிக்குக் கிடா வெட்டுகிறவர்கள். வெட்டிய கறியை ஊருக்கே பங்கு வைத்து, இல்லாதவன் வீட்டுக்கும் கொடுத்தனுப்புகிறவர்கள்.

இப்படிப்பட்ட ஒரு மனிதன் வடலூருக்குப் போனால் என்ன நடக்கும்? தருமசாலையில் ஜாதி, சமயம், தேசம், நடத்தை ஒன்றும் கேட்காமல் இலை போடுவார்கள். போடச் சொல்லி எழுதி வைத்தவரே சுவாமிகள்தான். சபை வாசலில் நிலைமை மாறுகிறது. கொலையும் புலாலும் விட்டவர்களே உள்ளே வரலாம் என்பது விதி. மற்றவர்களைப் புற இனத்தார் என்று அவர் பிரித்தார். பசியை நீக்குவதற்கு மட்டுமே அவர்கள் உரியவர்கள் என்றார். அடுப்புக்குக் கதவில்லை, தீபத்துக்குக் கதவிருக்கிறது.

சுவாமிகளின் அன்பர்கள் இதற்கு ஒரு சமாதானம் சொல்வார்கள். அது நியாயமான சமாதானமே. 1872ல் இந்த நாட்டில் கோயில் வாசல்கள் பிறப்பைக் கேட்டன. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் ஹரிஜனங்களை அழைத்துச் செல்ல 1939 ஆகவேண்டியிருந்தது. அதற்கு 67 வருஷங்களுக்கு முன்பே, பிறப்பைக் கேட்காமல் ஒழுக்கத்தை மட்டும் கேட்ட வாசல் இது. பிறப்பை மாற்றிக்கொள்ள யாராலும் முடியாது, உணவை மாற்றிக்கொள்ளலாம். வித்தியாசம் பெரியதுதான்.

ஆனாலும் சமாதானம் முழுவதையும் என்னால் ஏற்க முடியவில்லை. வருசநாட்டு மேட்டில் எது விளைகிறதோ, எது மேய்கிறதோ, அதைத்தான் தின்ன முடியும். நன்செய்க்காரனுக்கு ஒழுக்கமாக அமைவது கரட்டுக்காட்டுக்காரனுக்கு வசதியின் கேள்வியாகிவிடுகிறது. உணவை ஒழுக்கத்தின் அளவுகோலாக்கினால், நிலம் பார்த்துப் பிறந்தவனுடைய அதிர்ஷ்டமும் அதோடு சேர்ந்து அளக்கப்படுகிறது. நாலு பேருக்குப் பங்கு வைத்த கிடாக்கறியில் கொலையும் இருக்கிறது, காருண்யமும் இருக்கிறது. முதலாவதை அவர் கண்டார். ஆட்டின் உயிரைத் தன் உயிராக எண்ணியவர் வேறு விதமாகக் கண்டிருக்க முடியாது. இரண்டாவதற்கு அவர் நூலில் இடம் போதவில்லை என்பது என் குறை.

குறை சொன்ன கையோடு ஒன்றையும் சொல்லவேண்டும். புறத்தே நிறுத்தியவனுக்கும் சோறு போடாமல் விடக்கூடாது என்று எழுதியவர் அவர். தம் கொள்கையை ஏற்காதவனுடைய வயிற்றின் மேல் எந்த நிபந்தனையும் அவர் வைக்கவில்லை. கொள்கைக்காரர்கள் மிகுந்த நம் நாட்டில் இது அரிய குணம். அந்த நச்சுக்காற்று உவமையை அவர் அடியொற்றியே கொஞ்சம் நீட்டிப் பார்த்தால், புற இனத்தானுடைய அறிவும் விளக்குத்தானே? அதை அவியாமல் காக்கச் சொன்னவர், அந்த விளக்கை வெளியில் நிறுத்திவிட்டு உள்ளே ஒரு விளக்கைக் காட்டினார். இந்த முரண்பாட்டை மூடி மறைக்காமல் படிப்பதே அவருக்குச் செய்கிற மரியாதை என்று நினைக்கிறேன்.

2024ல் வடலூர்ப் பெருவெளியில் அரசாங்கம் சுமார் 100 கோடி ரூபாய்ச் செலவில் சர்வதேச மையம் கட்ட முனைந்தபோது எதிர்ப்பு எழுந்தது. பார்வதிபுரத்துச் சனங்கள் கொடுத்த சுமார் 80 காணி நிலம் வெளியாகவே இருக்கவேண்டும் என்பது எதிர்த்தவர்கள் கட்சி. வருகிறவர்களுக்கு வசதி வேண்டும் என்பது மற்றவர்கள் கட்சி. இரண்டு கட்சியும் பேசியது சபையைச் சுற்றிய இடத்தைப் பற்றி. யாரை உள்ளே விடுவது என்ற பழைய கேள்வியை அந்தச் சந்தடியில் பேசியவர்கள் அதிகமில்லை.

புதிய வாசகருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அருட்பாவைப் பிறகு பாடிக்கொள்ளலாம். முதலில் அந்தச் சிறிய வசன நூலில் பசியைப் பற்றிய பக்கங்களைப் படியுங்கள். வடலூருக்குப் போனால் சாலையில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுச் சபைக்குப் போங்கள். அவர் அமைத்த வரிசையும் அதுதான்.