காவலில் அடி: வழக்கறிஞருக்கு யார் கற்றுத் தருவது?

இந்தியாவின் 1872 சாட்சியச் சட்டமும் இலங்கையின் 1895 சாட்சியக் கட்டளைச் சட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் செல்லாது என்கிற 25ஆம் பிரிவு இரண்டிலும் உண்டு. அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் சிக்கினால் அந்த அளவுக்கு மட்டும் ஏற்கலாம் என்கிற 27ஆம் பிரிவும் அப்படியே. 2024 ஜூலையில் இந்தியாவில் சட்டத்தின் பெயரும் பிரிவு எண்களும் மாறின, சாரம் மாறவில்லை. ஆனாலும் காவலில் அடிபட்டவருக்காக நிற்க மதுரையின் இளம் வழக்கறிஞரும் யாழ்ப்பாணத்தின் இளம் சட்டத்தரணியும் கற்க வேண்டியவை வேறு வேறு.

தமிழ்நாட்டில் எல்லாம் ரிமாண்டில் இருக்கிறது. கைதாகி 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்படும் அந்தச் சில நிமிடங்களில் காயம் பதிவாகாவிட்டால், பிறகு எந்த மேல்முறையீட்டிலும் அதை மீட்பது பெரும்பாடு. ‘தப்பி ஓடும்போது விழுந்தார்’, ‘பாத்ரூமில் வழுக்கினார்’ என்ற விளக்கத்தோடு மாவுக்கட்டுப் படங்கள் வெளிவருவது இங்கே வழக்கமாகிவிட்டது. அப்படி ஒருவர் கொண்டுவரப்படும்போது, கேட்க வேண்டிய முறைகளை 1996இல் டி.கே. பாசு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் வகுத்துத் தந்திருக்கிறது: சாட்சி கையெழுத்திட்ட கைதுக் குறிப்பு எங்கே, உடற்காயங்களைக் குறித்த பதிவு எங்கே, 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை நடந்ததா? தீர்ப்பைத் தேர்வுக்குப் படித்தவர்கள் ஏராளம். நீதிமன்றத்தில் எழுந்து நின்று அதை ஒவ்வொன்றாகக் கேட்கப் பழகியவர்கள் குறைவு.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் பட்ட காயங்களோடுதான் மருத்துவச் சான்றும் பெற்றார்கள், ரிமாண்டும் ஆனார்கள். சில நாட்களில் இருவரும் இறந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்த பிறகு காவல் நிலையத்துக்குப் போன மாஜிஸ்திரேட், சிசிடிவி பதிவுகள் தினமும் தானே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். அந்த ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், காவல் நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பதிவைப் பாதுகாக்கக் கோரும் மனுவை ரிமாண்ட் நாளன்றே போடுவது எந்தப் பயிற்சியிலும் முதல் பாடமாக இருக்க வேண்டும்.

இலங்கையில் கடிகாரம் வேறு மாதிரி ஓடுகிறது. சித்திரவதைக்கு எதிரான அடிப்படை உரிமை மனுவை, அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி, ஒரு மாதத்துக்குள் கொழும்பில் உள்ள உயர் நீதிமன்றத்தில் (இந்தியாவின் உச்ச நீதிமன்றத்துக்கு நிகரானது) தாக்கல் செய்ய வேண்டும். முல்லைத்தீவில் அடிபட்டவருக்கும் இதே வழிதான். மனித உரிமைகள் ஆணைக்குழுவில் அந்த மாதத்துக்குள் முறைப்பாடு செய்தால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. இந்த ஒரு விதி தெரியாமல் நல்ல வழக்குகள் கைநழுவக்கூடும். சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையை எப்படிக் கேட்பது, எப்படி வாசிப்பது என்பதும் அந்த முதல் மாதத்துக்கான வேலை. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் சித்திரவதையைத் தனிக் குற்றமாக்கி, ஏழு முதல் பத்து ஆண்டுவரை சிறை விதிக்கிறது. இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. 1997இல் சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் கையெழுத்திட்ட இந்தியா இன்னும் அதை உறுதிசெய்யவில்லை.

ஆனால் இலங்கையில் தமிழர்களை அதிகம் சுட்டது பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் கொடுத்த ஒப்புதல் அங்கே செல்லும். அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் பாரம் குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையில். தமிழ் மட்டுமே தெரிந்த சிங்கராசா, சிங்களத்தில் தட்டச்சான வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம் இட்டவர். அந்த வாக்குமூலத்தின் பேரில் 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் அது 35 ஆனது. அவருடைய உரிமைகள் மீறப்பட்டன என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் சொன்னது. 2022இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோதும் 16ஆம் பிரிவைத் தொடவில்லை. ஆகவே ஒப்புதலின் தன்னிச்சையை ஆராயும் தனி விசாரணையில் பொலிஸ் அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்யும் திறமை, வடக்கு கிழக்கு சட்டத்தரணிக்கு உயிர்நாடி.

இதையெல்லாம் யார் கற்றுத் தருகிறார்கள்? இலங்கைச் சட்டக் கல்லூரி மாணவர் ஆறு மாதம் ஒரு மூத்தவரிடம் பயிலுகிறார். அந்த மூத்தவர் காணி வழக்குக்காரர் என்றால் சித்திரவதை வழக்கொன்றையும் பார்க்காமலே வெளியேறலாம். தமிழ்நாட்டில் மதுரை மக்கள் கண்காணிப்பகம் போன்ற அமைப்புகள் இந்தப் பணியைச் செய்துவந்திருக்கின்றன, ஆனால் பார் கவுன்சிலின் கட்டாயம் ஏதுமில்லை. வழக்கறிஞர் பதிவுக்கு முந்தைய பயிற்சி விதிகளை 1999இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு சரியல்ல என்று 2023இல் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. தடை நீங்கியும் பயிற்சி திரும்பவில்லை.

பார் கவுன்சிலும் இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கமும் இனியும் தன்னார்வ அமைப்புகளை நம்பி இருக்கக் கூடாது. மாதிரி ரிமாண்ட் விசாரணை ஒன்றையும், மருத்துவ அறிக்கையை வைத்துக் குறுக்கு விசாரணை ஒன்றையும் நடத்திக் காட்டாத எவருக்கும் குற்றவியல் வழக்கு நடத்த அனுமதி தரக் கூடாது.